கையெழுத்து ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம்

கேள்வி இதுதான்: "கையில் 50 லட்சம் இருக்கிறது. கோவை, திருப்பூர் பக்கம் முதலீட்டுக்காக ஒரு வீடு வாங்க நினைக்கிறேன். வங்கி ஏலத்தில் 25 சதவீதம் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள். டிஆர்டி (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) ஏலம், கோர்ட் ஏலம் என்றும் சொல்கிறார்கள். கடனில் மாட்டியவரிடமே நேரடியாக வாங்கலாம் என்கிறார் ஒரு புரோக்கர். எந்த வழி நல்லது?" கூடவே ஒரு ஏல அறிவிப்பையும் இணைத்திருக்கிறார். இரண்டு மாடி வீடு, குறைந்தபட்ச ஏலத்தொகை 40 லட்சம், சந்தை விலை 55 லட்சம் இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார்.

இந்த மாதிரி சொத்துகளைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். வாங்கியது மூன்று, பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்தது முப்பதுக்கு மேல். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலச் சொத்தில் கிடைக்கும் அந்த 25 சதவீதம் உங்களுக்குத் தரும் கூலி. முந்தைய உரிமையாளரும் வங்கியும் பாதியில் விட்ட ஒரு வேலையை நீங்கள் முடிக்க வேண்டும், அதற்கான கூலி. அந்த வேலை என்ன, எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாமல் கூலியை மட்டும் பார்த்து இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த வழியாக வாங்கினாலும் நான் கேட்பது இரண்டே கேள்வி. பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது யார்? வீட்டுச் சாவியை என் கையில் தரப்போவது யார்? சாதாரணமாக வீடு வாங்கும்போது இரண்டும் ஒரே ஆள் என்பதால் இந்தக் கேள்வியே எழாது. ஏலத்தில் எழும்.

வங்கி ஏலத்தையே முதலில் பார்ப்போம், பெரும்பாலானவர்கள் போவது அங்கேதான். தவணை 90 நாள் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பின், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழி தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் 13(2) பிரிவில் 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் போகும். கெடுவுக்குள் பணம் வராவிட்டால் 13(4)-இன் கீழ் வங்கி சொத்தின் சுவாதீனத்தை எடுக்கும். இந்தச் சுவாதீனம் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வாசலில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டு, இரண்டு நாளிதழில் சுவாதீன அறிவிப்பு கொடுத்தால் அது அடையாள சுவாதீனம். வங்கிக்காரர்கள் 'சிம்பாலிக்' என்பார்கள். உள்ளே குடும்பம் வழக்கம்போல் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆளைக் காலி செய்து, பூட்டுப் போட்டு, சாவி வங்கியிடம் வந்துவிட்டால் அது நேரடி சுவாதீனம், அதாவது 'பிசிக்கல்'. அதற்கு 14-ஆம் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்க வேண்டும். சட்டம் 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் உத்தரவு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் அதைவிட வெகுநாள் இழுக்கும். உத்தரவு வந்த பிறகும் வக்கீல் கமிஷனர், போலீஸ் பாதுகாப்பு, பள்ளித் தேர்வு நேரம், தேர்தல் நேரம் என்று தேதி தள்ளிப்போகும்.

வங்கிகள் அடையாள சுவாதீனத்தை வைத்துக்கொண்டே ஏலம் விடலாம், விடுகிறார்கள். அப்போது விற்பனைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர். சாவி கடனாளியின் இடுப்பில்.

பணம் கட்டும் கெடுவில் மட்டும் இழுபறி கிடையாது. வழக்கமாக குறைந்தபட்ச ஏலத்தொகையில் 10 சதவீதத்தை முன்வைப்புத் தொகையாகக் கட்டிவிட்டுத்தான் ஏலத்தில் கலந்துகொள்ள முடியும். ஏலம் உங்கள் பெயருக்கு விழுந்தால் அன்றைக்கே, இல்லையென்றால் அடுத்த வேலை நாளுக்குள், முன்வைப்பையும் சேர்த்து ஏலத்தொகையில் 25 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி 75 சதவீதம். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். அதற்குமேல் இல்லை. "லோன் சாங்ஷன் ஆகிக்கொண்டிருக்கிறது" என்றால் கட்டிய 25 சதவீதமும் போகும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 12 கோடிக்குமேல் ஏலம் கேட்டவர் மீதியைக் கட்ட முடியாமல் போக, அவர் கட்டியிருந்த 3 கோடிக்கும் அதிகமான தொகையை வங்கி பறிமுதல் செய்தது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் திருப்பித் தரச் சொல்லியிருந்த தொகை அது. வீட்டுக்கடனை நம்பி ஏலத்துக்குப் போகிறவர்கள் வங்கியிடம் முன்னதாகவே பேசி, ஏலச் சொத்துக்குக் கடன் தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும்.

ஏலம் முடிந்த பிறகு கடனாளி எங்கிருந்தோ பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்து சொத்தை மீட்டுவிட்டால்? முன்பு அந்தப் பயம் நிறையவே இருந்தது. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள்வரைதான் மீட்கும் உரிமை என்று ஆக்கினார்கள். 2023 செப்டம்பரில் செலிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் 17-ஆம் பிரிவில் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை கடனாளிக்கு இருக்கிறது. நோட்டீஸ் சரியாகப் போய்ச் சேரவில்லை, மதிப்பீடு குறைவு, 30 நாள் இடைவெளி விடவில்லை என்று ஏதாவது ஒரு ஓட்டை இருந்தால் தடை வாங்கிவிடுவார்கள். ஏலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தடை வந்து ஏலம் ரத்தான கதை ஏலத்துக்குப் போகிற எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 40 லட்சத்தில் ஆரம்பித்து 42 லட்சத்துக்கு உங்களுக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரச் செலவு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் என்று போட்டால் 3.78 லட்சம். (விற்பனைச் சான்றிதழைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியதில்லை, நகலை சார்பதிவாளரின் புத்தகத்தில் கோத்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் முழுச் செலவையும் கணக்கில் வையுங்கள், குறைந்தால் லாபம்.) ஆளைக் காலி செய்ய ஒன்றரை வருடம் ஆகிறது என்றால், 42 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி போட்டாலே 5.67 லட்சம். வக்கீல், பாக்கி வரிகள், காலி செய்துவிட்டுப் போகும்போது பிடுங்கிக்கொண்டு போன குழாய், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து 2 லட்சம். மொத்தம் 53 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இன்னும் வருமான வரி இருக்கிறது. இதை ஏலத்துக்குப் போகிற பத்துப் பேரில் ஒருவர்கூட யோசிப்பதில்லை. அந்த வீட்டின் அரசு வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் என்று வையுங்கள். நீங்கள் கொடுத்தது 42. வித்தியாசம் 8 லட்சம். வாங்கிய விலையில் 10 சதவீதத்துக்குள், அதாவது 4.2 லட்சத்துக்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் முழு 8 லட்சமும் உங்கள் வருமானம் என்று வரித்துறை கேட்கும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 2.4 லட்சம். ஏலத்தில் வாங்கியதற்கு இது பொருந்தாது என்று வாதாடி ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால் அதற்கும் ஓர் ஆடிட்டர், ஓர் அப்பீல் வேண்டும். 55 லட்ச ரூபாய் வீட்டைக் கிட்டத்தட்ட 56 லட்சத்துக்கு வாங்கிவிட்டு 'ஏலத்தில் அடித்தேன்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இது எண்களின் கதை. நேரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். சில வருடம் முன்பு திருப்பூர் பக்கம் ஓர் அடையாள சுவாதீன வீட்டைப் பார்க்கப் போனேன். கேட்டில் ஒட்டியிருந்த வங்கி நோட்டீஸ் பாதி கிழிந்து, அதன்மேல் தண்ணீர் கேன் கம்பெனியின் ஸ்டிக்கர் இருந்தது. கீழே உரிமையாளர் குடும்பம், கதவைத் திறக்கவில்லை. மாடியில் ஓர் அம்மா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஏலம் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே போய் ஒரு பாலிதீன் கவரை எடுத்துவந்தார். அதில் 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒத்தி ஒப்பந்தம். 5 லட்சம் கொடுத்து மூன்று வருடத்துக்கு ஒத்திக்கு வந்திருக்கிறார். நோட்டீஸ் வந்த பிறகு போட்ட ஒப்பந்தம். "என் அஞ்சு லட்சத்தக் குடுங்கண்ணா, நாளைக்கே காலி பண்றேன்" என்றார். வங்கியில் கேட்டால், குடியிருப்பவர் யாரும் இருப்பதாகத் தங்கள் கோப்பில் இல்லை என்றார் அதிகாரி.

சட்டப்படி அந்த அம்மாவின் ஒப்பந்தம் நிற்காது. அடமானத்துக்குப் பிறகு, அதுவும் 13(2) நோட்டீஸுக்குப் பிறகு, வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் போட்டது, பதிவும் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளோடு அவர் அங்கே இருக்கிறார். அவரை இறக்கிவிடப் போவது வங்கி அல்ல, ஏலம் எடுத்தவர். எனக்கு அந்தப் படியேற மனசு வரவில்லை. மனசை விடுங்கள், கணக்கும் வரவில்லை. 5 லட்சத்தைக் கொடுத்தால் லாபம் போச்சு, கொடுக்காவிட்டால் வருடம் போச்சு. திரும்பி வந்துவிட்டேன். அந்த வீடு அடுத்தடுத்து மூன்று தடவை ஏலத்துக்கு வந்தது.

ஏல அறிவிப்பின் கடைசியில் சிறிய எழுத்தில் 'உள்ளது உள்ளபடி, இருக்கும் நிலையில்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அர்த்தம், சொத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் உங்களுக்கு என்பதுதான். நான் ஏலத்தில் எடுத்த ஒரு சின்னப் பட்டறைக்கு மின்சார பாக்கி மட்டும் 3 லட்சத்துக்குமேல் இருந்தது. பழைய முதலாளியின் பாக்கி எனக்கெதற்கு என்று கேட்டு நடந்தேன். புது இணைப்பு வேண்டுமென்றால் பழைய பாக்கியைக் கட்டு என்றார்கள். 2023 மே மாதம் கேரள மின்வாரிய வழக்குகளில் உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது: விதிகள் இடம் கொடுத்தால் ஏலதாரரிடம் பழைய மின்பாக்கியைக் கேட்கலாம். கட்டினேன். இப்போதெல்லாம் இடத்தைப் பார்க்கும் முன் மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போய் பாக்கி பார்த்துவிடுவேன். சொத்து வரி, குடிநீர் வரி, அடுக்ககமாக இருந்தால் சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி எல்லாமே அப்படித்தான்.

பாக்கியைவிடப் பெரிய விஷயம் சொத்தின் உரிமை, அதாவது 'டைட்டில்'. வங்கிக்கு எந்த உரிமை அடமானமாக வந்ததோ அதைத்தான் வங்கி உங்களுக்கு விற்க முடியும். வங்கி கடன் கொடுத்திருக்கிறதே, அப்போதே வக்கீல் பார்த்திருப்பாரே என்ற தெம்பில் தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் ஏராளம். அப்பாவும் இரண்டு மகன்களும் சேர்ந்து பூர்வீக வீட்டை அடமானம் வைத்திருப்பார்கள், கல்யாணமாகிப் போன மகள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். மகளுக்கும் பிறப்பிலிருந்தே பங்கு உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏலம் நெருங்கும்போது அந்த மகள் பெயரில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு முளைக்கும். உண்மையிலேயே பங்கு கேட்கும் மகளும் உண்டு, அண்ணன் சொல்லி வழக்குப் போட்ட மகளும் உண்டு. வாங்கியவருக்கு இரண்டும் ஒரே அலைச்சல்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாய நிலத்துக்கு சர்ஃபாசி சட்டம் பொருந்தாது, 31-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. காகிதத்தில் மட்டும் விவசாய நிலமாக இருந்து தரையில் மனையாகவோ ஷெட்டாகவோ இருந்தால் விலக்கு கிடைக்காமல் போகலாம். நிஜமாகவே காய் பறிக்கிற தோப்பு என்றால் ஏலமே செல்லாது என்று கடனாளி வழக்குக்குப் போவார், ஜெயிக்கவும் செய்வார். அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிட்டு அப்புறம் ஆசைப்படுங்கள்.

டிஆர்டி ஏலம் என்பது கொஞ்சம் வேறு. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வங்கி தீர்ப்பாயத்தில் வழக்கை ஜெயித்து, மீட்புச் சான்றிதழ் வாங்கி, அங்குள்ள மீட்பு அதிகாரி விற்பது. சென்னையில் மூன்று தீர்ப்பாயங்கள், கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று. கையெழுத்து மீட்பு அதிகாரியுடையது. பணக் கெடு ஏறக்குறைய அதேதான், 25 சதவீதம் உடனே, மீதி 15 நாளில். விற்பனை முடிந்த 30 நாளுக்குள் கடனாளி முழுப் பணத்தையும், ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகையில் 5 சதவீதம் நஷ்டஈடும் கட்டி ஏலத்தை ரத்து செய்ய விண்ணப்பிக்கலாம். வழக்கு நடந்து முடிந்து வருவதால் சண்டைகளில் பாதி ஏற்கெனவே தீர்ந்திருக்கும். அதனால் எனக்கு வங்கியின் நேரடி ஏலத்தைவிட இதன்மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை. ஆனால் வருவது பெரும்பாலும் மில், குடோன், பெரிய தொகை. 50 லட்சத்துக்கு ஏற்ற வீடு எப்போதாவதுதான் வரும்.

சிவில் கோர்ட் ஏலத்துக்கு நீங்கள் போக வேண்டாம். 25 சதவீதத்தை அன்றைக்கே, மீதியை 15 நாளில் கட்டிவிட்டு, 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 60 நாளுக்குள் கடன்பட்டவர் டிக்ரி தொகையையும் உங்களுக்கு 5 சதவீதமும் கட்டி ஏலத்தை ரத்து செய்யலாம், முறைகேடு என்று மனுவும் போடலாம். மனு போட்டால் அது விசாரணை, அப்பீல் என்று போகும். எல்லாம் தாண்டி விற்பனை உறுதியானால், ஒரு வருடத்துக்குள் சுவாதீனம் கேட்டு நீங்கள் மனுப்போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு, சான்றிதழை பீரோவில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களை எனக்குத் தெரியும். சாவி வாங்கித் தருவது கோர்ட் அமீனா. அமீனாவோடு போகிற அன்றைக்குத் தெருவே கூடி நிற்கும். ஒரு நல்ல விஷயம், போட்டி குறைவு. உள்ளூர்க்காரர், அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர், பத்து வருடம் பொறுக்கக்கூடியவர் என்றால் கோர்ட் ஏலத்தில் நல்ல இடம் அமையும். நான் அந்தப் பொறுமைசாலி இல்லை.

திவால் சட்டத்தின்கீழ் கம்பெனிகளின் சொத்தைக் கலைப்பாளர் விற்பதும் இருக்கிறது. மீதிப் பணத்துக்கு 90 நாள் அவகாசம் தருகிறார்கள், 30 நாளுக்குமேல் போனால் 12 சதவீத வட்டி. சாவி பெரும்பாலும் கலைப்பாளர் கையிலேயே இருக்கும். தொழிற்பேட்டை இடமாக இருந்தால் நிலம் சிப்காட்டின் 99 வருடக் குத்தகையாக இருக்கலாம், பெயர் மாற்ற அவர்கள் சம்மதம் வேண்டும். தொழில் நடத்துகிறவர்களுக்கான இடம் அது. வீடு தேடுகிறவருக்கு அங்கே வேலையில்லை.

சரி, அந்த புரோக்கர் சொன்ன வழி. கடனாளியிடமே நேரடியாக வாங்குவது. நான் வாங்கிய மூன்றில் இரண்டு இப்படித்தான். முதலீட்டாளர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்றால், ஏலத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், இங்கே ஒரு மனிதரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அதுவும் வாழ்க்கையில் மிக மோசமான ஒரு வருடத்தில் இருக்கிற மனிதரிடம்.

எண்களையே பாருங்கள். அதே 55 லட்ச ரூபாய் வீடு. வட்டியோடு கடன் 38 லட்சம். ஒரே தவணையில் முடித்துக்கொள்வதாக இருந்தால் 34 லட்சத்துக்கு வங்கி ஒப்புக்கொள்கிறது என்று வைப்போம். நீங்கள் 46 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். 34 வங்கிக்கு, 12 அவருக்கு. ஏலத்தில் போனால் 42 லட்சத்தில் கடன், வட்டி, ஏலச் செலவு போக அவருக்கு மிஞ்சுவது சொற்பம், பேரும் பத்திரிகையில் வந்துவிடும். இங்கே 12 லட்சத்தோடு, அக்கம்பக்கத்தில் 'வித்துட்டுப் போனார்' என்ற பேரோடு போகிறார். அதனால்தான் சாவியை அவரே தருகிறார். பத்திரத்தில் கையெழுத்தும் அவரே போடுகிறார், குடும்பத்தில் மனைவி, மகன், மகள் எல்லோரையும் கூட்டிவந்து கையெழுத்துப் போடவைக்கவும் அவரால்தான் முடியும். பாகப்பிரிவினைப் பிரச்சினை அங்கேயே அடைபட்டுவிடும்.

செலவு? வழிகாட்டி மதிப்பு 50 லட்சத்துக்கு 9 சதவீதம், 4.5 லட்சம். ஆக 50.5 லட்சம். வழிகாட்டி மதிப்புக்கும் விலைக்கும் வித்தியாசம் 4 லட்சம்தான், 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடுவதால் அந்த வருமான வரித் தலைவலியும் இல்லை. குறைகிற அரை லட்சத்தைப் புரட்டிவிடலாம், கடன் வேண்டுமென்றாலும் சாதாரணக் கிரயம் என்பதால் வங்கிகள் தயங்குவதில்லை. கூலி 13 லட்சத்திலிருந்து நாலரை லட்சமாகக் குறைந்துவிட்டதே என்று தோன்றும். வேலையும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது, மூன்று மாதத்தில் வாடகைக்கு விட்டுவிடலாம்.

ஆனால் இந்த வழியில் ஏமாற இடம் அதிகம். 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால், வங்கியின் எழுத்துபூர்வமான முன்சம்மதம் இல்லாமல் கடனாளி சொத்தை விற்கவே கூடாது, 13(13) பிரிவு தடுக்கிறது. "நீங்க அட்வான்ஸ் குடுங்க, நான் பேங்க்ல பேசிக்கிறேன்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், இலவசம்தான். 30 வருடத்துக்குப் பாருங்கள். உரிமை ஆவண ஒப்படைப்பு (கடனுக்காகப் பத்திரத்தை அடமானம் வைத்த பதிவு) ஒரு வங்கிக்கு மட்டும்தானா, கோர்ட் ஜப்தி ஏதாவது ஏறியிருக்கிறதா, யாருக்காவது கிரய ஒப்பந்தமோ பவரோ எழுதியிருக்கிறாரா என்பதெல்லாம் அதில் வரும். வில்லங்கத்தில் வராதது கந்துவட்டிக்காரரிடம் போட்டுக்கொடுத்த வெற்றுக் கையெழுத்து. அதைத் தெரிந்துகொள்ள அந்தத் தெரு டீக்கடையில் அரைமணி நேரம் உட்காருவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவரோடு சேர்ந்து நீங்களும் வங்கிக்குப் போக வேண்டும். ஒரே தவணைத் தீர்வுக்கான கடிதம் வங்கித் தாளில், தொகையும் கெடுவும் போட்டு வர வேண்டும். வாங்குபவர் இன்னார், அவருக்கு விற்கச் சம்மதம், பணம் வந்ததும் மூலப் பத்திரங்களைத் தருகிறோம் என்றும் எழுதி வாங்குங்கள். உங்கள் பணம் அவர் கைக்குப் போகாமல் நேராகக் கடன் கணக்குக்கே போகட்டும். பதிவன்று வங்கி அலுவலர் மூலப் பத்திரங்களோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர, அடமானத்தைத் தீர்க்கும் ரசீது ஆவணம் முதலிலும், கிரயம் அடுத்த எண்ணிலும் பதிவாக வேண்டும். உரிமையாளருக்குத் தரும் 12 லட்சத்தில் 3 லட்சத்தையாவது வீட்டைக் காலி செய்து சாவி தருகிற அன்றைக்கு என்று நிறுத்தி வைப்பது என் வழக்கம். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவேன், அவரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது? நாளிதழில் வரும் சுவாதீன அறிவிப்பிலேயே பெயரும் முகவரியும் இருக்கிறது. ஏல அறிவிப்புக்கு முந்தைய கட்டம் அது, பேச நேரம் இருக்கும். போகும்போது புரோக்கரைக் கூட்டிக்கொண்டு காரில் போய் இறங்காதீர்கள். நான் முதல் தடவை அப்படிப் போய் வாசலிலேயே திட்டு வாங்கினேன். அடுத்த தடவை அவருடைய ஆடிட்டர் மூலம் போனேன், காபி கிடைத்தது.

இவற்றுக்கு நடுவில் ஒன்று இருக்கிறது: சாவி வங்கியிடம் இருக்கும் நேரடி சுவாதீன ஏலம். உங்கள் கணக்கில் அந்த 5.67 லட்ச வட்டியை எடுத்துவிட்டால், வருமான வரியையும் சேர்த்து 50 லட்சத்துக்குச் சற்று மேலே முடியும், நேரடியாக வாங்கும் விலைதான். பொதுத்துறை வங்கி ஏலங்களை ஒரே இடத்தில் பார்க்க 2025 ஜனவரியில் வந்த பேங்க்நெட் தளத்தில் தேடுங்கள். இரண்டு மூன்று தடவை ஏலம் போகாத வீடாக இருந்தால் விலையும் இறங்கியிருக்கும். ஆனால் ஏன் போகவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை கை தூக்க வேண்டாம்.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் கடனாளியிடம் நேரடியாக, அது அமையாவிட்டால் சாவி வங்கியிடம் இருக்கும் ஏலம். மற்றவற்றை முதல் வீட்டுக்கு யோசிக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். மூன்றாவது பத்தியில் 'அடையாள சுவாதீனம்' என்று இருக்கிறது. முதல் ஏலம்தான், இன்னும் 26 நாள் இருக்கிறது. ஏல அறிவிப்பு வந்துவிட்டதால் கடனாளியிடம் நேரடியாக வாங்கும் கதவு சட்டப்படி ஏறக்குறைய மூடிவிட்டது, வங்கி தானாக முன்வந்தால்தான் உண்டு. பார்வையிட வங்கி குறித்திருக்கும் தேதிவரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெரு வழியாக ஒரு நடை போய்வாருங்கள். மாடிப்படிக்குத் தனிக் கேட் இருக்கிறதா, எத்தனை மீட்டர் ஓடுகிறது, எத்தனை வீட்டுத் துணி காய்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள். மாடியில் வேறு வீட்டுத் துணி காய்ந்தால், முன்வைப்புத் தொகை 4 லட்சத்தை உங்கள் கணக்கிலேயே விட்டுவைக்கலாம்.